பதினாறு ஸ்பீக்கரும் ஒரு நிக்காஹும்

முப்பத்திரண்டு வயதில் எனக்குச் சால்வை போர்த்தி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வேலையை விடுகிறேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அலுவலகத்துப் பிள்ளைகள் விடவில்லை. "அக்கா, இனிமே நீங்க யாருக்காகவும் ஒரு கிளெய்ம்கூட எழுத முடியாதுல்ல? அப்ப இது ரிடையர்மெண்ட்தான்" என்று சொல்லி மாலையும் போட்டார்கள்.

அவர்கள் சொல்வது உண்மை. அடுத்த மாதம் அரசு வேலையில் காப்புரிமை (பேடன்ட்) எக்ஸாமினராகச் சேர்கிறேன். விண்ணப்பங்களைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இன்னொருவருக்காக விண்ணப்பம் எழுதித் தரக் கூடாது. எட்டு வருடம் நான் பார்த்த தொழில் இந்த மாதத்தோடு முடிகிறது.

இப்போது விண்ணப்பத்தை மெஷினே ஒரு நிமிடத்தில் எழுதிவிடுகிறது. அதைச் சரிபார்ப்பதுதான் பிள்ளைகளின் வேலை. "உங்களை ரொம்ப அலைக்கழிச்ச கேஸ் எதுக்கா? எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எழுதுகிறேன். அந்தக் கேஸை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மலைப்பு அடங்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல நான் எங்கேயும் தயங்கியதில்லை. அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். அம்மா குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் இருந்தாள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து, மேற்குத் தாம்பரத்தில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் பத்மா மேடத்தின் காப்புரிமை ஆபீஸில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பழைய காப்புரிமைகளைத் தேடிப் படித்ததிலேயே போனது. மூன்றாம் வருடம் ஏஜென்ட் தேர்வு எழுதித் தேறினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை விண்ணப்பத்தின் உயிர் அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. முன்னால் எத்தனை பக்கம் விளக்கம் எழுதினாலும், 'இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை என்னுடையது' என்று வேலி போடுவது கடைசியில் வரும் சில வாக்கியங்கள்தான். அவற்றுக்குக் கிளெய்ம் என்று பெயர். அரைப் பக்கம் நீண்டாலும் ஒரு கிளெய்ம் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். ஒரு சொல் கூடினால் வேலி சுருங்கும். ஒரு சொல் குறைந்தால் ஊரான் நிலமும் உள்ளே வந்துவிடும். அப்போது மொத்த விண்ணப்பமும் விழும்.

பத்மா மேடம் கிளெய்மை நின்றுகொண்டுதான் படிப்பார். ஃபேனை நிறுத்தச் சொல்வார். வரிக்குக் கீழே ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, சத்தம் போட்டுப் படிப்பார். சந்தேகமான சொல் வந்தால் ஸ்கேல் நின்றுவிடும். "இது இல்லாம அந்தப் பொருள் வேலை செய்யுமா?" என்று கேட்பார். செய்யும் என்றால் பென்சிலால் ஒரு கோடு. 'நல்ல', 'சிறந்த', 'துல்லியமான' என்றெல்லாம் எழுதிக் கொடுத்தால் திட்டமாட்டார்; அந்தத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு வெந்நீர் குடிக்கப் போய்விடுவார். எட்டு வருடத்தில் என்னை ஒரு தடவைகூட 'வா, போ' என்றதில்லை. ஒரு தடவைகூடப் பாராட்டியதும் இல்லை.

அவரிடம் இன்னொரு முறை உண்டு. கண்டுபிடித்தவர் முதல் நாள் வந்து சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டு, அவர் பேசிய தமிழிலேயே எழுதிவைக்க வேண்டும். ஆங்கிலம் அதற்குப் பிறகுதான். அந்தத் தாளுக்கு 'முதல் நாள் தாள்' என்று பெயர். அதில் உள்ள எதுவும் விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில் விடுபடக் கூடாது. எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது. படிக்காத ஆட்கள் சுற்றி வளைத்துப் பேசுவதை நான் எதற்காக வார்த்தை வார்த்தையாக எழுத வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. படிக்காத வீட்டிலிருந்து வந்தவள்தான் அப்படி நினைத்தாள்.

அமீர் பாய் வந்தது நான் சேர்ந்த ஐந்தாம் வருடம். கீழ்க்கட்டளையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறவர். ஐடிஐ முடித்து, டேப் ரெக்கார்டர் ரிப்பேரில் தொடங்கி, கம்ப்யூட்டர் நிரல் எழுதும்வரை எல்லாவற்றையும் தானாகவே கற்றுக்கொண்டவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆளுயரப் பலகை ஒன்றைப் பெட்ஷீட்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் குறுகலான மாடிப்படியில் ஏறி வந்தார். பிரித்தால், உள்ளங்கை அளவில் பதினாறு ஸ்பீக்கர்கள் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில்.

முதல் நாள் தாளில் நான் எழுதியது இப்படித் தொடங்குகிறது: "கல்யாண மண்டபத்துல முன்னாடி குந்தினவனுக்குக் காது போவுது. பின்னாடி குந்தினவனுக்கு இன்னா சொல்றாங்கன்னே தெரியல. பக்கத்துத் தெருக்காரன் போலீசுக்கு போன் போடறான். மூணு பேரும் என்னைத்தான் திட்றாங்க."

அடுத்த வாரம் அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். பலகையை நட்டு நிறுத்தியிருந்தார். அவர் மனைவி சபீரா அக்கா கீழே அறையில் மைக்கைப் பிடித்து மளிகைச் சாமான் பட்டியலைப் படித்தார். "நேரா நடந்து வாம்மா" என்றார் பாய். நடந்தேன். 'துவரம் பருப்பு ஒரு கிலோ' என்ற குரல் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பத்தடி தள்ளிப் போனேன், இருபதடி போனேன். அதே அளவு, அதே நெருக்கம். "இப்ப இடது பக்கம் ரெண்டடி வை" என்றார். வைத்தேன்.

குரல் போய்விட்டது. மெல்லக் குறைந்து போகவில்லை; யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றது. மேடவாக்கம் ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கை கத்தியது. இரண்டடி வலது பக்கம் வைத்தேன். 'கடுகு நூறு, வெந்தயம் நூறு.'

காரணம் எனக்குத் தெரியும், நான்கு வருடம் படித்திருக்கிறேன். பதினாறு ஸ்பீக்கருக்கும் ஒரே குரல்தான் போகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு டிஜிட்டல் ஃபில்டர் இருந்து, அதன் நேரத்தையும் அளவையும் துளித் துளியாக மாற்றுகிறது. அலையின் மேடும் மேடும் சேருகிற இடத்தில் குரல் இருக்கும். மேடும் பள்ளமும் சந்திக்கிற இடத்தில் இரண்டும் தீர்ந்துபோகும். பரீட்சையில் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன். அதன் உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று நின்றது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

விண்ணப்பம் போடும் முன் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன். "பாய், இதை இதுக்கு முன்னாடி பொதுவுல எங்கயாவது காட்டியிருக்கீங்களா? காட்டியிருந்தா புதுசுன்னு சொல்ல முடியாது. கேஸே நிக்காது."

"சீச்சீ. வெளியாளுக்குக் காட்டவே இல்லம்மா."

ஃபாரத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

பிறகு கிளெய்ம் எழுத உட்கார்ந்தேன். பதினாறு ஃபில்டரையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவர ஒன்பது நாள் ஆனது. முதல் கிளெய்மின் நடுவில் அது நின்றது. வீட்டில் தாளை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, கோலம் மாதிரி கீது?" என்றாள். "கோலம் இல்லம்மா, கணக்கு" என்றேன் பெருமையாக. பத்மா மேடம் ஸ்கேலை வைத்துப் படித்து, சமன்பாட்டில் நின்று, என்னைப் பார்த்தார். "கணக்கு சரியா இருக்கு. ஆனா இதுல மண்டபம் எங்க?" என்றார். விளக்கத்தில் இருக்கிறது, முதல் நாள் தாளை அப்படியே ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன் என்றேன். அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். பாய் வந்து கையெழுத்துப் போட்ட அன்றைக்கே ஃபைல் செய்தோம்.

ஒன்றரை வருடத்துக்குமேல் கழித்து ஆட்சேபணை வந்தது. சட்டத்தின் மூன்றாம் பிரிவில் 'கே' என்று ஒரு உட்பிரிவு உண்டு. கணித முறைக்கும், வெறும் கம்ப்யூட்டர் நிரலுக்கும், அல்காரிதத்துக்கும் காப்புரிமை கிடையாது. நாங்கள் கேட்டது கணித முறை, ஆகவே தர இயலாது என்று இரண்டு பத்தியில் முடித்திருந்தார்கள். எதிர்த்து வாதாட ஹியரிங் ஒன்று உண்டு. அதிலும் தோற்றால் அவ்வளவுதான். விண்ணப்பம் ஏற்கெனவே வெளியாகிவிட்டதால், அமீர் பாய் பத்து வருடம் உழைத்துச் செய்ததை எவர் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம்.

"அவங்களுக்குப் புரியல மேடம்" என்றேன்.

"புரிஞ்சிருக்கு. நீங்க எழுதினது கணக்குதான். அவங்க தப்பா ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னார். முதல் நாள் தாளை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு வெந்நீர் குடிக்கப் போனார்.

கிளெய்மைத் திருத்தலாம், ஆனால் விண்ணப்பத்தில் முன்பே சொல்லியிருப்பதற்குள்தான் திருத்த வேண்டும். புதிதாக எதையும் சேர்க்க முடியாது. அந்தத் தாளை அன்றுதான் முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். நான்காவது பத்தி: "காலி மண்டபத்துல அளந்தா பொய். ஆளுங்க வந்து குந்தினப்புறம் அளக்கணும். அதுக்குன்னு பீப் பீப்னு சத்தம் வுட்டா ஜனம் ஓடிடும். மேடையில பேசறாரே, அவர் குரலை வெச்சே அளக்கணும். ஜன்னல்ல ஒரு மைக், கடைசி வரிசையில ஒரு மைக். ஜனம் நகர நகர ஃபில்டரும் மாறிக்கினே வரணும்."

நான் ஒன்பது நாள் எழுதிய சமன்பாட்டுக்குப் பல புத்தகங்களில் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். இந்த ஆறு வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கண்டுபிடிப்பு இங்கே இருக்கிறது. இதை விளக்கத்துக்குள் எங்கோ புதைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த கணக்கைக் கிளெய்மில் வைத்திருக்கிறேன்.

சமன்பாட்டை எடுத்துவிட்டு எழுதினேன். ஜன்னல் மைக், கடைசி வரிசை மைக், ஆட்கள் நிறைந்த இருக்கைகள், பேசுபவரின் குரல், பதினாறு ஸ்பீக்கர், மாறிக்கொண்டே வரும் ஃபில்டர். பத்மா மேடம் நின்றுகொண்டு படித்தார். 'ஆட்கள் நிறைந்த' என்ற இடத்தில் ஸ்கேல் நின்றது.

"எந்த ஆட்கள்?"

"மண்டபத்துல வர ஆட்கள் மேடம்."

"அது தெரியுது. காலி மண்டபத்துல அளந்தா பொய்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு கூட்டத்துல வெச்சுப் பார்த்திருக்கார். எந்தக் கூட்டம்?"

கீழ்க்கட்டளைக்கு பஸ் ஏறினேன்.

அமீர் பாய் கடையில் ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துவைத்திருந்தார். சபீரா அக்கா புக்கிங் நோட்டுடன் பக்கத்தில் இருந்தார். கேட்டேன்.

"அதுவா? என் தங்கச்சி பொண்ணு நிக்காஹ்ல வெச்சேன். செம்பாக்கம் மண்டபத்துல. சும்மா சொல்லக் கூடாது, சோக்கா இருந்துச்சி."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"ஒரு எண்ணூறு பேர் இருக்கும்."

"பாய், பொதுவுல காட்டலன்னு சொன்னீங்களே!"

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "எங்க வூட்டுக் கல்யாணம்மா அது! சொந்தக்காரங்க. இது எப்படிம்மா பொது ஆவும்?"

"எண்ணூறு பேரும் சொந்தக்காரங்களா?"

"ஒரு விதத்துல" என்றார். சபீரா அக்கா, "பாதிப் பேர் யாருன்னே எங்களுக்குத் தெரியாது. இவரு தெருவுல பார்த்தவங்களை எல்லாம் கூப்ட்டாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. பொது இடத்தில் வைத்தால் ஒழியச் சோதிக்கவே முடியாத பொருளாக இருந்து, சோதனைக்காக மட்டும் அப்படி வைத்திருந்தால், சட்டம் மன்னிக்கிறது. ஆனால் ஃபைல் செய்த தேதிக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் அது நடந்திருக்க வேண்டும்.

"நிக்காஹ் எப்ப நடந்துச்சு?"

சபீரா அக்கா நோட்டைப் புரட்டினார். பள்ளிவாசல் வேலைகள் நிறைய வருவதால் அவர்கள் நோட்டு பிறைக் கணக்கில் இருக்கும். "ஷவ்வால் பிறை பத்து, ரம்ஜானுக்கு அடுத்த மாசம். ஆறு நோன்பு முடிச்சுட்டு வெச்சோம்." பிறகு இன்னொரு நோட்டை எடுத்தார். "உங்க தாம்பரம் ஆபீஸ்ல இவரு கையெழுத்துப் போட்டதும் எழுதி வெச்சிருக்கேன். அடுத்த வருஷம் ஷவ்வால், பிறை பதினாலு."

ஒரு வருடம், நான்கு நாள்.

பாய் மெதுவாக, "நாலு நாள்தானேம்மா. கேட்டா வுட மாட்டாங்களா?" என்றார்.

"ஒரு நாள்கூட விட மாட்டாங்க பாய்."

"நிக்காஹ்ல வெச்சது நமக்குத்தானே தெரியும். சொல்லாம வுட்டா?"

உண்மையைச் சொல்கிறேன். அந்த யோசனை எனக்கு அவருக்கு முன்பே வந்துவிட்டது. வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விடலாமா என்று, பாய் கேட்டதாக, கேட்டேன்.

"அப்படின்னா ஹியரிங்குக்கு நான் வரல" என்றார். குரல் உயரவில்லை. "நோட்டு அவங்களே எழுதினது. அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. வெளியில அச்சடிச்ச தாள் எதாவது இருக்கான்னு பாருங்க."

மறுபடி உள்ளே போய்க் கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டேன். சபீரா அக்கா பீரோவில் துணிகளுக்கு அடியிலிருந்து எடுத்தார். மேலே பிறைத் தேதி. அதன் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத் தேதி. என் பையில் இருந்த ஃபைலிங் ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். போனில் கணக்குப் போட்டேன். மறுபடி எண்ணினேன்.

முன்னூற்று ஐம்பத்தெட்டு நாள்.

"பாய், ஒரு வருஷத்துக்கு இன்னும் ஏழு நாள் பாக்கி இருக்கு."

"எப்படிம்மா? பிறை பத்து, பிறை பதினாலு..."

சபீரா அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. "யா அல்லாஹ்" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். "நோன்பு வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முந்திகிட்டு வருதில்ல? நம்ம வருஷம் சின்னதுங்க!"

நிலவின் வருடம் முன்னூற்று ஐம்பத்து நான்கு நாள். ரம்ஜான் ஒவ்வொரு வருடமும் முன்னால் வருவதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். பிரியாணி வாங்கித் தின்றிருக்கிறேன். பாயோ முப்பது வருடமாக அந்தக் கணக்கில் தொழில் செய்கிறவர். மூன்று பேரும் அதை மறந்து உட்கார்ந்திருக்கிறோம். கடை வாசலுக்கு வந்தேன். பகல் வெளிச்சத்தில், எதிர்க் கட்டடத்துக்கு மேல், நகத் துண்டு போல நிலா நின்றிருந்தது. அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு, இந்தக் கடைக்கு ஏழு நாள் தள்ளிக் கொடுத்திருக்கிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பாய் பார்த்துவிட்டார்.

ஹியரிங் வீடியோவில் நடந்தது. ரயில் சத்தம் வராமல் இருக்க எங்கள் ஆபீஸ் ஜன்னல்களில் போர்வை கட்டினோம். மேடம் நடுவில், நான் இடது பக்கம், அமீர் பாய் வலது பக்கம். புதுச் சட்டை, மடிப்பு கலையவில்லை. திரையில் கண்ட்ரோலர், முடிவெடுக்கும் அதிகாரி. நரைத்த தலை. எங்கள் விண்ணப்பத்தை அச்சடித்து, பக்கம் பக்கமாக வண்ணச் சீட்டு ஒட்டி வைத்திருந்தார்.

திருத்திய கிளெய்மை நான்தான் விளக்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். கணக்கு ஒரு கருவி, கேட்பது கணக்குக்கு அல்ல, மண்டபத்தில் குரல் எங்கே போய்ச் சேருகிறது, எங்கே நிற்கிறது என்பதை மாற்றும் முறைக்கு என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அதன் பிறகு மேடம், யாரும் கேட்காமலே, நிக்காஹ் விஷயத்தைச் சொன்னார். ஃபாரத்தில் எங்கள் பதில் தவறு என்றார். பத்திரிகையை கேமரா முன் காட்டினார். ஒன்றையும் மழுப்பவில்லை.

கண்ட்ரோலர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஆங்கிலத்தை விட்டுவிட்டு, நேராகப் பாயிடம் தமிழில் கேட்டார்.

"ஆட்களுக்குப் பதிலா நாற்காலியில மூட்டை வெச்சுச் சோதிச்சிருக்கலாமே? எண்ணூறு பேர் எதுக்கு?"

இந்தக் கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

"மூட்டை இருமாது சார்" என்றார் அமீர் பாய்.

"என்னது?"

"மூட்டை இருமாது, பேசாது. பட்டுப்புடவை, பர்தா, ஜரிகை சட்டைன்னு ஒண்ணொண்ணும் சத்தத்தை ஒரு மாதிரி குடிக்கும் சார். அத்த வுடுங்க. மூட்டை எழுந்து பந்திக்குப் போவாது. ஹஜ்ரத் மேடையில குத்பா பிரசங்கம் ஓதறப்போ, பிரியாணி வாசனை வந்தா பாதி ஜனம் நைசா நகரும். அது நகர நகர மண்டபமே மாறும். அந்த மாத்தத்தைப் பிடிக்கத்தான் சார் இந்த ஃபில்டரே. அதைக் காலி மண்டபத்துல எப்படி சார் பாக்கறது?"

கண்ட்ரோலர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினார். திரும்பியபோது முகம் பழையபடி ஆகியிருந்தது.

"அன்னிக்கு அது சோதனைதான், வேலைக்கு விட்டதில்லைன்னு எப்படி நம்பறது?"

"பக்கத்துலயே பழைய பாக்ஸ் ரெண்டு ஒயரைச் சொருகி ரெடியா வெச்சிருந்தேன் சார். இது ஊத்திக்கினா அதைப் போடறதுக்கு. கல்யாண வீடியோவுல கூட தெரியும். தங்கச்சி பொண்ணு கல்யாணம் சார், மானம் போவக் கூடாதுல்ல?"

அவர் அதையும் எழுதிக்கொண்டார். எட்டு வருடத்தில் நான் கேட்ட வாதங்களில் அதைவிடச் சுத்தமான வாதம் இல்லை. அதைவிடச் சரியான கேள்வியும் இல்லை. அந்த இரண்டு கேள்வியைக் கேட்டவரின் பக்கம் போய் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது அன்றுதான்.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. பத்மா மேடம் ஃபேனை நிறுத்தச் சொல்லி, ஸ்கேலை வைத்து, ஆறு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். பொது இடத்தில் நடந்தது நியாயமான சோதனை. முறை, கணிதத்தோடு நின்றுவிடவில்லை. காப்புரிமை வழங்கப்படுகிறது. படித்து முடித்து, "பாய்க்குச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

"எத்தினி வருஷத்துக்கும்மா?"

"ஃபைல் பண்ண நாள்லேர்ந்து இருபது வருஷம்."

"யாரு வருஷம்? நிலாவோடதா, கவர்மெண்ட்டோடதா?"

"கவர்மெண்ட்டோடது."

"அப்போ நமக்குத்தான் நல்லது!" என்று கத்தினார். பின்னால் சபீரா அக்காவின் சிரிப்பு கேட்டது.

இவ்வளவுக்குப் பிறகும், அந்தக் கருவியைக் கூட்டத்தோடு நான் கேட்டதே இல்லை. போன மாதம் செம்பாக்கத்தில் ஒரு வரவேற்புக்குப் பாய் அதைக் கட்டியிருந்தார். வரச் சொன்னார். மண்டபம் நிறைந்து, ஆட்கள் ஓரத்திலும் நின்றார்கள். மேடையில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் நின்றேன், நடுவில் நின்றேன், கடைசிச் சுவரில் சாய்ந்தேன். எங்கே நின்றாலும் அந்த மாமா என் எதிரில் நின்று என்னிடமே பேசினார்.

சமையல்கட்டுப் பக்கம் இருந்த கதவைத் தாண்டி ஓரடி வைத்தேன். மாமா இல்லை. அண்டாவில் கரண்டி படும் சத்தம். பின் வீட்டில் குக்கர் விசில். உள்ளே வைத்தேன், மாமா. வெளியே வைத்தேன், குக்கர். இத்தனை பேர் மூச்சு விட்டுக்கொண்டும் இருமிக்கொண்டும் இருக்கும்போது, ஒரு கோடு ஆடாமல் அங்கே தரையில் இருந்தது.

சாம்பார் வாளியோடு வந்த பரிமாறுகிற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, செருப்பத் தொலைச்சிட்டியா?"

"இல்லக்கா. இங்க நில்லுங்க. இப்ப ஒரே அடி இந்தப் பக்கம் வைங்க."

வாளியைக் கீழே வைத்துவிட்டு வைத்தார். முகம் மாறியது. "ஐய, நின்னு போச்சி!" திரும்ப வைத்தார். "வந்துடிச்சி!" பிறகு சமையல்கட்டைப் பார்த்து, "ஏய், வாங்கடி இங்க!" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஆகிவிட்டோம். பரிமாறுகிறவர்கள், பட்டுப்புடவைப் பெண்கள், வெற்றிலை எடுக்க வந்த ஒரு பெரியவர். கதவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாண்டிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் 'ஆ' என்றோம். கூட்டம் எதற்கு என்று பார்க்க சவுண்ட் மிக்ஸரை விட்டு எழுந்து வந்த அமீர் பாய் இடுப்பில் கை வைத்து நின்றார். "இன்னாம்மா, பாண்டி ஆடிக்கினு கீறீங்க?"

"நீங்க தாண்டிப் பார்த்ததில்லையா பாய்?"

அவர் யோசித்தார். "நான் எங்கம்மா... எப்பவும் மிக்ஸர்ல குந்திக்கினு, ஹெட்போன்ல ஜன்னல் மைக்கைத்தான் கேட்டிருக்கேன்."

சாம்பார் அக்கா நகர்ந்து இடம் விட்டார். அவர் கதவுக்கு வந்து, வலது காலை வெளியே வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம். பின் வீட்டுக் குக்கர் இன்னொரு முறை விசிலடித்தது.